விண்டோஸ் 10 லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் நிறுவுவது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 2015 ஜூலையில் வெளிவந்து பத்து ஆண்டுகள் ஓடிய இயங்குதளம் அது. அந்தத் தேதிக்குப் பிறகும் லேப்டாப் வழக்கம்போலத் திறக்கிறது, வேலை செய்கிறது. அதனால் பலர் இந்தச் செய்தியைப் பொருட்படுத்தவே இல்லை. வேறு சிலர், விண்டோஸ் 11 ஏறாது என்று தெரிந்ததும், இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு நன்றாக உழைக்கக்கூடிய லேப்டாப்பைப் பழைய விலைக்குத் தள்ளிவிட்டுக் கடன் அட்டையில் புதிது வாங்குகிறார்கள். இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நடுவே ஒரு வழி இருக்கிறது: விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை அதே லேப்டாப்பில் நிறுவிக்கொள்வது. செலவு மிகக் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இதுவரை லினக்ஸைத் தொட்டே பார்க்காதவர்களுக்காக அந்த வழியை முதலிலிருந்து எழுதுகிறேன்.

புதுப்பிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2017-ஆம் ஆண்டை நினைவுபடுத்த வேண்டும். அந்த ஆண்டு மே 12 அன்று வான்னாகிரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. கணினியில் இருந்த கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. போட்டுக்கொண்ட கணினிகள் தப்பின, போடாதவை சிக்கின. கீழே சொல்லும் நீட்டிப்புத் திட்டத்தில் பதியாமல் விண்டோஸ் 10-இல் அப்படியே தங்கிவிட்டவர்களுக்கு இனி அப்படிப் போட்டுக்கொள்ளவே எதுவும் வராது.

முதலில், மாறத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11-க்குத் தகுதியானதாகவே இருக்கலாம். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச நிரலை ஓட்டினால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். நிரலே இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது சொடுக்கி 'சிஸ்டம்' பக்கத்தைத் திறந்தால், புராசஸரின் பெயர் 'ஐ5-7200யு' என்பதுபோல ஓர் எண்ணோடு இருக்கும். கோடுக்கு அடுத்து வரும் 7, அது ஏழாம் தலைமுறை என்று சொல்கிறது. 8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. 10210 என்று ஐந்து இலக்கமாக இருந்தால் பத்தாம் தலைமுறை. இன்டெல் புராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான் விண்டோஸ் 11-க்கு ஏற்கப்படும். ஏ.எம்.டி. என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதல். இதோடு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவையும் வேண்டும். டி.பி.எம். சில லேப்டாப்களில் இருந்தாலும் அணைத்துவைக்கப்பட்டிருக்கும்; பயாஸில் (லேப்டாப்பை இயக்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய் இயக்கினால் போதும். அப்படித் தகுதி இருந்தால் விண்டோஸ் 11-க்கே போய்விடுங்கள். இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை.

அவகாசம் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு உள்ள கணினியில், மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்துக்கொண்டு, 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும் என்பது அந்த அறிவிப்பு. கணினி அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை. நிதானமாக மாறுவதற்கு இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், மாறாமல் இருப்பதற்கு அல்ல.

யார் மாறக் கூடாது

இதை வெளிப்படையாகச் சொல்லாமல் லினக்ஸைப் பரிந்துரைப்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. சில வேலைகளுக்கு லினக்ஸ் சரிப்படாது. டேலியில் கணக்கு எழுதுபவர்கள், ஃபோட்டோஷாப் பிழைப்பாக இருப்பவர்கள், மைக்ரோசாஃப்ட் எக்செலில் மேக்ரோ வைத்து வேலை செய்பவர்கள், ஜி.எஸ்.டி. அல்லது வருமான வரிக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகுபவர்கள் முழுதாக மாற வேண்டாம். டோக்கனைப் பொறுத்தவரை, லினக்ஸுக்கு டிரைவர் உண்டா என்று விற்றவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'சேஃப் எக்ஸாம் பிரவுசர்' போன்ற பூட்டப்பட்ட உலாவியில் தேர்வு எழுத வேண்டிய மாணவர்களுக்கும் விண்டோஸோ மேக்கோ தேவைப்படும்.

பிரிண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். எச்.பி. பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்கின்றன. அண்மைக்கால வைஃபை பிரிண்டர்களும் அப்படியே. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் பார்க்கிற கேனான் எல்.பி.பி. 2900 அப்படியல்ல. அதற்கான டிரைவரைத் தனியாகத் தேடிப் போட்டுப் போராட வேண்டியிருக்கும். புதியவர்களுக்கு அது ஏற்றதல்ல.

இணையம், மின்னஞ்சல், யூடியூப், வாட்ஸ்அப் வெப், பத்திரம் தட்டச்சு, பிள்ளைகளின் பாடம், நிரலாக்கம் கற்பது என்று இருப்பவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். நம் சென்னையிலேயே சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கியிருக்கிறது.

ஏன் மின்ட்?

லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. புதியவர்கள் இந்த இடத்திலேயே குழம்பித் திரும்பிவிடுகிறார்கள். என் பரிந்துரை லினக்ஸ் மின்ட். அயர்லாந்தில் வாழும் பிரெஞ்சுக்காரர் கிளெமென்ட் லெஃபெவ்ர் 2006-இல் தொடங்கியது. உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கைக்கு எதுவும் அந்நியமாக இருக்காது. 2024 ஜூலையில் தொடங்கிய 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. சோரின் என்ற லினக்ஸும் நல்லதே. விண்டோஸ் 10 நின்ற அதே நாளில்தான் அதன் 18-ஆம் பதிப்பு வெளியானது. ஆனால் முதன்முறை வருபவருக்குச் சிக்கல் வந்தால் தேடியவுடன் விடை கிடைக்க வேண்டும். அந்த வகையில் நான் மின்டையே சொல்வேன்.

மின்டில் மூன்று பதிப்புகள் இருக்கின்றன. 8 ஜிபி ரேம் இருந்தால் சினமன். 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. மூன்றாவதான மாட்டேயை இப்போதைக்கு மறந்துவிடலாம். 2 ஜிபி ரேமிலும் ஓடும் என்று மின்ட் குழு சொல்கிறது. ஓடும்தான், ஆனால் இன்றைய உலாவிகள் தின்கிற ரேமுக்கு அது போதாது. 2 ஜிபி லேப்டாப்பில் முதலில் ரேமைக் கூட்டுங்கள்.

வாங்க வேண்டியவை

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று. அதில் இருப்பவை அனைத்தும் அழியும் என்பதால் காலியானதாக இருக்கட்டும். உங்கள் கோப்புகளைப் பத்திரப்படுத்த வெளியே செருகும் ஹார்டு டிஸ்க் ஒன்று.

மூன்றாவது பொருள் கட்டாயமல்ல. ஆனாலும் இந்தக் கட்டுரையிலேயே நான் மிகவும் வலியுறுத்துவது அதைத்தான்: 240 அல்லது 256 ஜிபி அளவில் ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. பழைய லேப்டாப் மெதுவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் புராசஸர் அல்ல, உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்தான். அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினால் லேப்டாப் திறக்கும் நேரமே மாறிவிடும். இரண்டாவது பயன் இன்னும் பெரியது. கழற்றிய பழைய டிஸ்க்கில் உங்கள் விண்டோஸும் கோப்புகளும் அப்படியே இருக்கும். ஒரு பைட் கூட அழியாது. லினக்ஸ் பிடிக்கவில்லை என்றால் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் நேற்றிருந்த நிலைக்கே வந்துவிடலாம். திரும்பி வரும் வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் புதியவர்கள் பயமில்லாமல் கை வைப்பார்கள். பெரும்பாலான பழைய மாடல்களில் பின்மூடியில் சில திருகுகளைக் கழற்றினால் டிஸ்க் தெரியும். கீழே சொல்லும் காப்பு நகல், பென் டிரைவ் வேலைகளை விண்டோஸில் முடித்த பிறகே டிஸ்க்கை மாற்றுங்கள். கழற்றும் முன் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். கை நடுங்கினால் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து மாட்டிக்கொள்ளலாம். கழற்றிய டிஸ்க்கை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்டோஸை விட்டுக் கிளம்பும் முன்

நிறுவுதல் எளிது. அதற்கு முந்தைய இந்தப் பகுதிதான் கவனம் கேட்பது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

'டாக்குமென்ட்ஸ்', 'டெஸ்க்டாப்', 'டவுன்லோட்ஸ்', 'பிக்சர்ஸ்' ஆகிய கோப்புறைகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். டி டிரைவ், ஈ டிரைவ் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே டிஸ்க்கைப் பிரித்துத்தான் அவை போடப்பட்டிருக்கும். 'டி டிரைவில்தானே இருக்கிறது, அழியாது' என்று நம்பி இழந்தவர்கள் நிறையப் பேர். உலாவியின் புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் உலாவிக் கணக்கில் ஒத்திசைத்துவிடுங்கள். அவுட்லுக் நிரலில் மின்னஞ்சல் வைத்திருந்தால் அதன் தரவுக் கோப்பைத் தனியாக எடுங்கள். நகலெடுத்து முடித்ததும் வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து படங்களையும் ஆவணங்களையும் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பு நகலை நம்பக் கூடாது.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் உரிய ஒரு வேலை இருக்கிறது. ஆங்கிலத்தில் வரும் எந்த வழிகாட்டியிலும் இதைப் பார்க்க மாட்டீர்கள். உங்களிடம் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்க் கோப்புகள் இருக்கின்றனவா? பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த மனுக்கள், திருமண அழைப்பிதழ்கள், சங்கக் கணக்குகள், கவிதைகள்? அந்தக் கோப்புகளுக்குள் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இருக்கும்வரைதான் அவை தமிழாகத் தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்று அடித்த இடத்தில் பொருளற்ற ரோமன் எழுத்துகள்தான் நிற்கும். ஆகவே சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' கோப்புறைக்குப் போய், நீங்கள் பயன்படுத்திய பழைய தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மின்டுக்கு வந்ததும் அவற்றை இரட்டைச் சொடுக்கி 'இன்ஸ்டால்' அழுத்தினால் அதே கோப்பு அங்கேயும் தமிழாகத் திறக்கும்.

அதைவிட நல்ல வழி, முக்கியமான கோப்புகளை விண்டோஸில் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுவது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச நிரல்கள் அதற்கென்றே இருக்கின்றன. இன்று மாற்றினால் நாளை கைப்பேசியிலும் திறக்கலாம், தேடினால் அகப்படும். வீட்டுப் பெரியவர்கள் எழுதிவைத்தவை இருந்தால் இந்த ஒரு வேலைக்காகவே கூடுதலாக ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, அமைப்புகளில் 'பிட்லாக்கர்' அல்லது 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற, டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் குறியாக்க வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அல்லது குறியாக்கத்தையே அணைத்துவிடுங்கள். விண்டோஸையும் மின்டையும் ஒரே டிஸ்க்கில் வைக்கப்போகிறவர்கள் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் அணைக்க வேண்டும். அது இயங்கும்வரை விண்டோஸ் முழுதாக நிற்காமல் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் அதன் பகுதியை லினக்ஸ் தொடுவது நல்லதல்ல.

பென் டிரைவைத் தயார் செய்தல்

லினக்ஸ் மின்டின் அதிகாரப்பூர்வத் தளத்துக்குப் போய் உங்களுக்கான பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் பல நாட்டுச் சர்வர்களின் பட்டியல் வரும். அருகில் உள்ளதைச் சொடுக்குங்கள். ஏறத்தாழ 3 ஜிபி அளவுள்ள ஐ.எஸ்.ஓ. கோப்பு இறங்கும். முழு இயங்குதளமும் அந்த ஒரே கோப்புக்குள் இருக்கும். தேடுபொறியில் வரும் வேறு தளங்களிலிருந்தும் டெலிகிராம் குழுக்களிலிருந்தும் இறக்க வேண்டாம்.

இறக்கிய கோப்பு சரியானதுதானா என்று சோதிக்கச் சொன்னால் பலர் சலித்துக்கொள்வார்கள். 2016 பிப்ரவரியில் ஒருவர் மின்ட் தளத்துக்குள்ளேயே புகுந்து, இறக்கும் இணைப்பைத் தீநிரல் கலந்த கோப்புக்குத் திருப்பிவிட்டார். மின்ட் குழு விரைவில் கண்டுபிடித்துச் சரிசெய்தது. அதிகாரப்பூர்வத் தளத்துக்கே அப்படி நேர்ந்திருக்கிறது என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

அதற்கும் பென் டிரைவில் எழுதுவதற்கும் 'ரூஃபஸ்' என்ற ஒரே நிரல் போதும். இலவசம், சிறியது, நிறுவ வேண்டியதில்லை. பென் டிரைவைச் செருகி ரூஃபஸைத் திறந்ததும் 'டிவைஸ்' என்ற இடத்தில் பென் டிரைவின் பெயரும் அளவும் தெரிகின்றனவா என்று பாருங்கள். வேறு டிஸ்க்குகளை அந்நேரம் கழற்றிவைப்பது நல்லது. 'செலக்ட்' அழுத்தி ஐ.எஸ்.ஓ. கோப்பைக் காட்டுங்கள். 'செலக்ட்' பொத்தானுக்குப் பக்கத்தில் டிக் அடையாளம் போட்ட சிறு பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 எண் வரும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். பெரும்பாலும் இணைப்பு பாதியில் அறுந்ததுதான் காரணமாக இருக்கும்.

எண் பொருந்தியதும் மற்றத் தேர்வுகளை மாற்றாமல் 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். 'ஐ.எஸ்.ஓ. மோட்' என்று பரிந்துரைப்பதையே ஏற்றுக்கொள்ளுங்கள். முடியும்வரை பென் டிரைவைப் பிடுங்க வேண்டாம்.

நிறுவாமலே ஓட்டிப் பார்த்தல்

லேப்டாப்பை முழுதாக அணைத்து, பென் டிரைவைச் செருகி, மறுபடி இயக்கும்போது பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) விசையை விடாமல் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ, ஏசர் லேப்டாப்களில் பெரும்பாலும் எஃப்12. எச்.பி.யில் எஃப்9. ஏசுஸில் எஸ்கேப். சில ஏசர் மாடல்களில் எஃப்12 மெனு அணைக்கப்பட்டிருக்கும். எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள் போய் இயக்க வேண்டும். சில லெனோவோ ஐடியாபேடுகளில் ஓரத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. லேப்டாப் அணைந்திருக்கும்போது அதை அழுத்தினால் நேராகவே மெனு வரும்.

மெனுவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, பிறகு 'ஸ்டார்ட் லினக்ஸ் மின்ட்' கொடுங்கள். திரை கறுப்பாகவே நின்றால், மறுபடி தொடங்கி 'கம்பாட்டிபிலிட்டி மோட்' தேர்ந்தெடுங்கள்.

இரண்டு மூன்று நிமிடங்களில் முழு மின்டும் பென் டிரைவிலிருந்தே ஓடும். லேப்டாப்பின் டிஸ்க்கில் இன்னும் எதுவும் மாறவில்லை. இந்த நிலையில் ஓர் அரைமணி நேரமாவது செலவிடுங்கள். வைஃபை பிடிக்கிறதா, யூடியூபில் ஒலி வருகிறதா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, டச்பேடில் இரண்டு விரலால் உருட்ட முடிகிறதா, கேமரா தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

வைஃபை மட்டும் தெரியவில்லை என்றால் கலங்காதீர்கள். பிராட்காம் சில்லுள்ள பழைய லேப்டாப்களில் இது வழக்கம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியில் இணைத்து 'யூ.எஸ்.பி. டெதரிங்' இயக்கினால் இணையம் வந்துவிடும். நிறுவி முடித்ததும் 'டிரைவர் மேனேஜர்' தேவையான டிரைவரைத் தேடித் தரும்.

நிறுவுதல்

எல்லாம் சரியாக இருந்தால் டெஸ்க்டாப்பில் இருக்கும் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்பதைச் சொடுக்குங்கள். சார்ஜர் செருகியிருக்கட்டும். காப்பு எடுத்த வெளி டிஸ்க்கைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

மொழியாகத் தமிழையே தேர்ந்தெடுக்கலாம். முதல்முறை ஆங்கிலத்தில் நிறுவுவது வசதி என்பது என் கருத்து. இணையத்தில் உதவி தேடும்போது பொத்தான்களின் பெயர்கள் பொருந்திவரும். பின்னால் எப்போது வேண்டுமானாலும் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். கீபோர்டு 'இங்கிலீஷ் யு.எஸ்.' என்றே இருக்கட்டும். 'மல்டிமீடியா கோடெக்ஸ்' கட்டத்தை டிக் செய்யுங்கள்.

அடுத்து வரும் 'இன்ஸ்டாலேஷன் டைப்' பக்கத்தில் நிதானமாக இருங்கள். புது எஸ்.எஸ்.டி. போட்டவர்கள் 'இரேஸ் டிஸ்க்' தேர்ந்தெடுக்கலாம். அழிவதற்கு அதில் எதுவும் இல்லை. பழைய டிஸ்க்கிலேயே நிறுவி விண்டோஸை அடியோடு விடுபவர்களுக்கும் அதே தேர்வுதான். ஆனால் அந்த டிஸ்க்கில் இருந்தவை திரும்ப வராது. விண்டோஸும் வேண்டும் என்பவர்கள் 'அலாங்சைட்' என்று தொடங்கும் தேர்வை எடுத்து, நடுவில் உள்ள கோட்டை இழுத்து மின்டுக்குக் குறைந்தது 50 ஜிபி ஒதுக்குங்கள். 'சம்திங் எல்ஸ்' பக்கம் இப்போது போக வேண்டாம்.

டிஸ்க்கே தெரியவில்லை என்றால், பயாஸில் சாட்டா அமைப்பு 'ரெய்டு' அல்லது 'ஆர்.எஸ்.டி.' என்றிருக்கும். அதை 'ஏ.எச்.சி.ஐ.' என்று மாற்றினால் தெரியும். ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்பவர்கள் இதைத் தாங்களாக மாற்றக் கூடாது. விண்டோஸ் திறக்காமல் போகலாம். தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

'இன்ஸ்டால் நவ்' அழுத்தியதும் எந்த டிஸ்க்கில் என்ன எழுதப்போகிறது என்று ஒரு சிறு பெட்டி காட்டும். பலரும் படிக்காமலே 'கன்டினியூ' அழுத்திவிடுகிறார்கள். அந்தப் பெட்டியைப் படியுங்கள். டிஸ்க்கின் பெயர் நீங்கள் நினைத்ததுதானா என்று முந்தைய பக்கத்தில் பார்த்த அளவோடு பொருத்திப் பாருங்கள். அந்தப் பொத்தான் வரைக்கும் எதுவும் அழியவில்லை. அதற்குப் பிறகுதான் எழுதத் தொடங்கும்.

நேர மண்டலத்துக்குக் கொல்கத்தா அல்லது கொழும்பு. பயனர் பெயர், கடவுச்சொல் கொடுங்கள். இந்தக் கடவுச்சொல்லை எழுதிவையுங்கள். ஒவ்வொரு நிரல் நிறுவும்போதும் கேட்கும். லேப்டாப்பை வெளியே கொண்டு போகிறவர்கள் 'என்க்ரிப்ட் மை ஹோம் ஃபோல்டர்' கட்டத்தையும் டிக் செய்வது நல்லது. பிறகு கால் மணியிலிருந்து அரைமணி நேரம். முடிந்ததும் மறுபடி தொடங்கச் சொல்லும். பென் டிரைவை எடுத்துவிட்டு என்டர் அழுத்துங்கள்.

முதல் மாலை

வரவேற்புத் திரையில் 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்' என்ற பகுதி இருக்கும். முதலில் 'அப்டேட் மேனேஜர்' திறந்து எல்லாப் புதுப்பிப்புகளையும் போடுங்கள். அடுத்து 'டிரைவர் மேனேஜர்'. என்விடியா சில்லோ பிராட்காம் வைஃபையோ இருந்தால் பரிந்துரைக்கும் டிரைவரை ஏற்றுக்கொள்ளுங்கள். 'ஃபயர்வால்' அணைந்திருக்கும், இயக்கிவிடுங்கள்.

பிறகு 'டைம்ஷிஃப்ட்'. இது இயங்குதளத்தின் நிலையை அவ்வப்போது படம் பிடித்து வைத்துக்கொள்ளும் கருவி. ஏதாவது நிறுவப்போய்க் கெட்டுவிட்டால் முந்தைய நாளுக்குத் திரும்பலாம். வாரம் ஒன்று, கடைசி இரண்டு மூன்று மட்டும் வைத்திருக்கச் சொல்லி அமைத்தால் போதும். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அது காப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். அவற்றுக்கு வெளி டிஸ்க்தான்.

நிரல்கள் வேண்டுமென்றால் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' மட்டும். கைப்பேசியில் பிளே ஸ்டோர் பழகியவர்களுக்குச் சொல்லித்தரவே தேவையில்லை. விண்டோஸில்போல ஏதோ ஒரு தளத்தில் இறக்கி ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தீநிரலுக்கான பெரிய வாசல் அதுதான்.

லிப்ரே ஆஃபீஸ் ஏற்கெனவே இருக்கும். வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறக்கும், அதே வடிவத்தில் சேமிக்கும். வேர்டு வைத்திருப்பவருக்கு அனுப்பும்போது 'சேவ் ஆஸ்' கொடுத்து வேர்டு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். மாற்றம் செய்யத் தேவையில்லாத ஆவணம் என்றால் பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். காலிப்ரி எழுத்துருவுக்குப் பதிலாக அதே அகலம் கொண்ட கார்லிட்டோவை நிறுவிக்கொண்டால் பக்கங்கள் இடம் மாறாமல் இருக்கும்.

இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் விண்டோஸுக்குப் போகும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டலாம். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரத்திலும் விண்டோஸ் உள்ளூர் நேரத்திலும் வைப்பதே காரணம். பழுது எதுவும் இல்லை. விண்டோஸின் நேர அமைப்பில் 'சிங்க் நவ்' அழுத்தினால் சரியாகிவிடும்.

தமிழில் தட்டச்சு

தமிழைப் படிக்க எதுவும் செய்ய வேண்டியதில்லை. யூனிகோடு எழுத்துருக்கள் கூடவே வருகின்றன. எழுத, சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ஐபஸ்-எம்17என்' என்ற தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். மெனுவில் 'இன்புட் மெத்தட்' திறந்து 'ஐபஸ்' தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். பிறகு 'ஐபஸ் பிரிஃபரன்சஸ்' திறந்து, 'இன்புட் மெத்தட்' பக்கத்தில் 'ஆட்' அழுத்தி, தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்99, தட்டச்சுப்பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை எனப் பல வரும். கைப்பழக்கம் எதுவோ அதைச் சேருங்கள். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும். மின்டின் பதிப்புக்குப் பதிப்பு இந்த மெனுக்களின் இடம் கொஞ்சம் மாறலாம். பெயரை மெனுவின் தேடல் பெட்டியில் அடித்தால் வந்து நிற்கும்.

புதிதாகத் தமிழ்த் தட்டச்சு கற்பவர்கள் தமிழ்99-ஐயே பழகுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவான விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும். புள்ளி வைக்க வேண்டிய பல இடங்களில் அதுவே வைத்துக்கொள்ளும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும்.

எங்காவது சிக்கிக்கொண்டால் தனியாகப் போராட வேண்டாம். கணியம் இதழ் 2012 முதல் தமிழிலேயே லினக்ஸைப் பற்றி எழுதிவருகிறது. சென்னையில் ஐ.எல்.யு.ஜி.சி., விழுப்புரத்தில் வி.ஜி.எல்.யு.ஜி., புதுச்சேரியில் எஃப்.எஸ்.எச்.எம். ஆகிய லினக்ஸ் ஆர்வலர் குழுக்களில் சம்பளம் வாங்காமல் சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போது லேப்டாப்பின் மாடல், மின்ட் பதிப்பு, திரையில் வந்த பிழைச் செய்தியின் படம் ஆகிய மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் எவராலும் உதவ முடியாது.